குழாயில் மூன்று தட்டு

நிலவறையிலிருந்து வந்த சீறலில் வெர்னாவின் கையிலிருந்த கண்ணாடிக் கிண்ணம் நழுவி உடைந்தது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ பல்லிடுக்கு வழியே ஒரேயடியாக விட்டதுபோல ஒரு சீறல். அதன் பின்னாலேயே சிமெண்டுத் தரையில் தண்ணீர் அடித்து விழும் சத்தம். இருபது விநாடி இருக்கும். பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

மதியம் இரண்டே முக்கால் மணி. வெளியே காலையிலிருந்து ஓயாத பனிப்புயல். சன்னலுக்கு அப்பால் ஆற்றையும் காணோம், மூடிக்கிடக்கும் காகித ஆலையின் புகைபோக்கியையும் காணோம். வீட்டுக்குள் இருபத்திரண்டு அட்டைப்பெட்டிகள் கட்டி முடித்துத் தயாராக இருந்தன. நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டை வாங்குகிறவர்கள் வந்து கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பதினொரு மணிக்கு வெர்னா காரில் ஏறிவிடுவாள். ஃப்ளோரிடாவில் தங்கை வீடு. இனிச் செத்தாலும் மெய்ன் மாநிலத்துப் பனியை மிதிப்பதில்லை என்று சபதமே செய்திருந்தாள்.

நாளைக்கு வீடு சூடாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

படியிறங்கி விளக்கைப் போட்டாள். குழாய்கள் வழியே வெந்நீரை அனுப்பி வீட்டைச் சூடேற்றும் பாய்லர் தன் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் இருந்த பாதுகாப்பு வால்வின் வாயிலிருந்து இன்னும் சொட்டியது. தரையில் வெந்நீர் ஆவி விட்டபடி சாக்கடைத் துளையைத் தேடி ஊர்ந்தது. அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் சும்மா தூங்க வேண்டிய முள், இருபத்தெட்டில் நின்று நடுங்கியது.

ஆர்லோ பிங்க்கமை அழைத்தாள். அவளோடு பள்ளியில் படித்தவன். முப்பது வருடமாக அந்த ஊர் பாய்லர்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன்.

"என்ன வெர்னா, கிளம்புற நேரத்துல பாய்லர் உன்னை விடமாட்டேங்குதா?"

"வாயை மூடு ஆர்லோ. வால்வு பிச்சுக்கிட்டு அடிச்சுது. தரையெல்லாம் தண்ணி. உடனே வா."

"வெளிய எட்டிப் பாத்தியா? ரோடு எது, பள்ளம் எதுன்னு தெரியல. பனி தள்ளுற வண்டிக்குப் பின்னாலயே ஊர்ந்துதான் வரணும். ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் போனை வைக்காதே, நான் சொல்றதைச் செய். முள் எங்க நிக்குது?"

"இருபத்தெட்டு."

"முப்பதைத் தொட்டா மறுபடி அடிக்கும். அடிக்கட்டும், அதுக்குத்தான் அது இருக்கு. சொட்டுதேன்னு மூடியைக் கீடியைப் போட்டு அடைச்சுத் தொலைக்காதே. அப்புறம் உன் அடுப்படியைப் பக்கத்து வீட்டுக் கூரைமேல தேடணும்."

"வேலையைச் சொல்லுடா."

"எண்ணெய் எரியற பர்னரை நிறுத்து. தெருத் தண்ணி உள்ள வர்ற குழாய்ல மஞ்சக் கைப்பிடி இருக்கும், அதைக் குறுக்கத் திருப்பு. பத்துல எட்டு தடவை கோளாறு அங்கதான். அந்த வால்வு கசிஞ்சா தண்ணி சேர்ந்துக்கிட்டே போகும். அப்புறம் அடியில இருக்கற குழாயைத் திறந்து, முள் பதினஞ்சுக்கு வர்ற வரைக்கும் வாளியில பிடி."

செய்தாள். பர்னர் நின்றதும் நிலவறை ஊமையாகிப்போனது. அதுவரை உறுமலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: தகரம் சுருங்கும் முனகல், வெளிக்கதவைக் காற்று உலுக்குவது, துளைக்குள் தண்ணீர் இறங்கும் கடைசிக் களகளப்பு. வாளி பாதி நிறைந்தபோது முள் பதினைந்துக்கு வந்தது. குழாயை மூடி, போனை ஸ்பீக்கரில் போட்டு பாய்லரின் தலைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

டங்.

டங்.

டங்.

மேலே எங்கோ, குழாயில்.

முள் பதினாறைத் தொட்டது.

"ஆர்லோ, முள் ஏறுது."

"ஏறாது. அடுப்பு இல்ல, தண்ணி வரத்து இல்ல. எப்படி ஏறும்?"

"கண்ணால பாக்கறேன்டா!"

டங். டங். டங். பதினேழு.

ஆர்லோவின் பக்கத்தில் வண்டியின் வைப்பர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அந்தத் தட்டுற சத்தம்..." என்று இழுத்தான். "போன ஜனவரியில பர்னரைத் துடைக்க வந்தேனே, அன்னைக்கும் இதேதான் கேட்டுது. உன்னைக்கூடக் கேட்டேன். நீ என்னமோ சொன்னே."

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் வெர்னா.

ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் இருந்தது.

அந்தத் தெருவின் மாடி வீடுகளில் குழாயைத் தட்டுவது ஒரு பேச்சு. மேலே இருப்பவருக்குக் குளிரெடுத்தால் இறங்கி வரத் தேவையில்லை. சூடேற்றும் குழாயை ஒரு கரண்டியால் மூன்று தட்டு தட்டினால் போதும். கீழே இருப்பவர் நிலவறைக்குப் போய்ச் சூட்டைக் கூட்டி வைப்பார். பதில் தட்டு ஒன்று தட்டுவது மரியாதை. வெர்னாவின் வீட்டில் மேலே இருந்தவள் அல்டா, அவளுடைய நாத்தனார். எழுபத்தொன்பது வயது. வாயில் எந்நேரமும் இளஞ்சிவப்பு மிட்டாய் ஒன்று பல்லில் கிடுக் கிடுக்கென்று இடித்துக்கொண்டிருக்கும். வலித் தைலத்தின் வாசனை அடிக்கும் அந்த மிட்டாய். வெர்னாவின் கணவன் சாகும்போது வீட்டை மனைவி பேருக்கு எழுதினான். கூடவே ஒரு வரி: அக்கா உயிரோடு இருக்கும்வரை மேல்மாடி அவளுடையது.

உயிரோடு இருக்கும்வரை. வெர்னா அந்த வரியைப் பல முறை படித்திருக்கிறாள்.

"சரி, அடுத்தது காத்து டேங்க்," என்றான் ஆர்லோ. "பாய்லருக்குப் பக்கத்துல தொங்குதே, பூசணிக்காய் மாதிரி. தண்ணி சூடாகி உப்பினா உப்பினது அதுல போய் அடங்கணும். அதோட வயித்துல சைக்கிள் டியூப்ல இருக்கற மாதிரி ஒரு ஊசி இருக்கும், நகத்தால அழுத்து. காத்து வந்தா டேங்க் நல்லா இருக்கு. தண்ணி வந்தா உள்ள ரப்பர் கிழிஞ்சுபோச்சு."

அழுத்தினாள்.

காற்றுதான் வந்தது. குளிர்ந்த, ஈரமில்லாத காற்று. அவள் முகத்தில் நேராக அடித்தது. வலித் தைலமும் சர்க்கரையும் கலந்த வாசனை, யாரோ வாய்க்குப் பக்கத்தில் வாய் வைத்து ஊதியதுபோல.

வெர்னா பின்னால் நகர்ந்ததில் வாளி கவிழ்ந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. காத்து... காத்துதான் வருது."

"அப்ப டேங்க் சரி. முள்?"

"இருபது."

"இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மாடிக்குப் போற குழாயை மூடி வெச்சிருக்கியா?"

வெர்னா சுவர்ப் பக்கம் பார்த்தாள். இரண்டு குழாய்கள் இணையாக மேலே ஏறின. இடது பக்கத்தது மாடிக்கு. அதில் ஒரு சிவப்புத் திருகு. "அக்டோபர்லயே மூடிட்டேன். ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு எண்ணெயை எரிக்கணும்?"

"மூடறதுக்கு முன்னாடி உள்ள இருந்த தண்ணியை வடிச்சியா?"

வெர்னா கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏம்மா தாயே! நீ இந்த ஊர்லதானே பொறந்தே? பச்சைக் குழந்தைகூடத் தண்ணியை வடிக்காம மூடாது. வெளிய மைனஸ் இருபத்தஞ்சு. மேல உறைய ஆரம்பிச்சிருச்சு. ஐஸுக்கு இடம் பத்தல, மிச்சத் தண்ணியைத் திரும்பி வர்ற குழாய் வழியா கீழ நெட்டித் தள்ளுது. அதான் முள் ஏறுது, அதான் சத்தமும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல, உன் கஞ்சத்தனம்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். ஐஸ்! வெறும் ஐஸ்! அவள் அப்படிச் சிரித்து வருடம் ஒன்றாகியிருந்தது.

"சிரிக்காதே. குழாய் பிளந்தா நாளைக்கு வர்றவங்க நீச்சல் உடையோட வரணும். திருகைத் திற, முதல்ல."

சிவப்புத் திருகைப் பிடித்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினாள். ஸ்பானர் போட்டுத் தொங்கினாள். அக்டோபரில் இரண்டு விரலால் மூடிய திருகு அது. இப்போது மறுபக்கத்திலிருந்து யாரோ அதே அளவு பலத்தோடு பிடித்துக்கொண்டிருப்பதுபோல, கொஞ்சம் இழுத்தால் கொஞ்சம் கொடுத்து, மறுபடி தன் இடத்துக்கே வந்தது.

போன ஜனவரியில் சுலபமாகத்தான் மூடியது. மூன்று நாள். அவ்வளவுதான் நினைத்திருந்தாள். மூன்று நாள் நடுங்கினால் கிழவி தானாகவே ஆற்றோரத்து முதியோர் இல்லத்துக்குப் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று. முதல் நாள் தட்டல் கோபமாக இருந்தது. இரண்டாம் நாள் கெஞ்சியது. வெர்னா கீழே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மூன்றாம் நாள் மூன்று தட்டு இரண்டானது. பிறகு ஒன்றே ஒன்று. மீதி இரண்டுக்காக வெர்னா தன்னையறியாமல் வெகுநேரம் காத்திருந்தாள்.

அப்புறம் திருகைத் திறந்தாள். அறை கதகதப்பாகும்வரை பொறுத்து, அதன் பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். இதயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"திறக்கல," என்றாள் போனிடம்.

"அங்கயும் உறைஞ்சிருக்கும். தலைமுடி காய வைக்கற மெஷின் இருக்கா? அதை எடுத்துக்கிட்டு மேல போ. வடக்கு ரூம்ல வெந்நீர் ஓடற இரும்பு ரேடியேட்டர்தான் வெளிச்சுவரை ஒட்டி இருக்கு, முதல்ல உறையறது அதுதான். அதுக்குச் சூடு காட்டு. போனை அங்கயே, முள்ளுக்குப் பக்கத்துலயே விட்டுட்டுப் போ. வால்வு மறுபடி அடிச்சா எனக்குக் கேக்கணும். நான் இப்ப பாலத்தைத் தாண்டிட்டேன்."

"சரி."

"வெர்னா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் போ."

ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மெஷினை எடுத்துக்கொண்டாள். மாடிப்படியின் கதவு கூடத்தின் கோடியில் இருந்தது. கூடத்துப் பக்கம் ஒரு இரும்புக் கொக்கி. குளிர்காற்று வராமலிருக்க என்று ஊரில் சொல்லி, அந்த ஜனவரியில் வெர்னா தன் கையால் முடுக்கியது. உள்ளேயிருந்து அதைத் திறக்க முடியாது. ஜூன் மாதம் மேலே காலி செய்தபோது மாட்டியது, அதன்பின் அவள் தொடவில்லை. கொக்கியைத் தூக்கினாள். கதவு உடனே திறந்துகொண்டது, அவள் இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால்.

படிகளில் இருட்டு. நாலு மணிக்கே செத்துப்போகும் டிசம்பர் வெளிச்சத்தின் கடைசிச் சாம்பல் மட்டும் மேல்படியில் கொஞ்சம் கிடந்தது. ஒவ்வொரு படிக்கும் குளிர் ஒரு சுற்று இறுகியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கிணற்றுக்குள் இறங்குவதுபோல அவள் குளிருக்குள் ஏறினாள். சுவர்த்தாள் முழுக்க வெள்ளைப் பூஞ்சையாய் உறைபனி பூத்திருந்தது. கைப்பிடியைத் தொட்ட உள்ளங்கை ஒட்டிக்கொண்டு, தோல் உரிகிற வலியோடு பிரிந்தது. அந்த வாசனை இங்கே கெட்டியாக இருந்தது. தைலமும் சர்க்கரையும்.

ஐஸ். வெறும் ஐஸ்.

விளக்கின் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை.

வடக்கு அறையின் கதவு திறந்திருந்தது. அந்த அறை காலி. அவளுக்குத் தெரியும். கட்டில், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அவளே வண்டியில் போட்டுக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளினாள். ரேடியேட்டர் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் இருந்தது.

அதன் பக்கத்தில், அதைக் கட்டிக்கொள்வதுபோல அவ்வளவு நெருக்கமாக இழுத்துப் போட்டு, அல்டாவின் பச்சை நாற்காலியும் இருந்தது.

வெர்னா நின்றாள். மூச்சு வெள்ளையாய் வெளிவந்து முன்னால் தொங்கியது. நாற்காலியில் யாரும் இல்லை. இருக்கையின் நடுவில் இளஞ்சிவப்பாய் ஏதோ ஒன்று. கிட்டே போனாள்.

மிட்டாய். பாதி கரைந்தது.

ஈரமாக இருந்தது.

சன்னலைப் பார்த்தாள். கண்ணாடியின் உட்பக்கத்து உறைபனியில் கைத்தடங்கள். பழையவற்றின் மேல் புதியவை, அவற்றின் மேல் இன்னும் புதியவை. ரேடியேட்டரின் முதுகில் ஒரு தேக்கரண்டி. அது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வர்ணம் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான சின்னப் பள்ளங்கள்.

கீழே, கூடத்தின் கோடியில், இரும்பு இரும்பின்மேல் விழுந்தது.

கொக்கி.

மெஷினைப் போட்டுவிட்டு ஓடினாள். படியில் சறுக்கினாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள்.

"யாரு? யாரு அங்க? ஆர்லோ!"

கதவின் மறுபக்கம் காலடி. மெதுவாக. துணிச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் காலடி. கூடத்தைக் கடந்தது. நிலவறைப் படியில் இறங்கியது. ஒவ்வொரு படியாக. வயதானவர்கள் இறங்குவதுபோல.

மறுபடி மேலே ஓடினாள். சன்னல். இரட்டைக் கண்ணாடி, சட்டத்தோடு சேர்ந்து உறைந்திருந்தது. முஷ்டியால் குத்தினாள். கத்தினாள். புயல் அவளுடைய குரலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டது. வெளியே தெருமுனையில், பனித்திரைக்குப் பின்னால், மஞ்சள் விளக்கு ஒன்று சுழன்றபடி வந்து நின்றது. ஆர்லோவின் வண்டி.

விரல்கள் மரத்துப்போயிருந்தன. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். உலோகம் தோலோடு ஒட்டிக்கொண்டது.

டங். டங். டங்.

மறுபடி.

டங். டங். டங்.

ரேடியேட்டரின் இரும்புக்குள்ளிருந்து, குழாய் வழியே ஏறி வந்து, நிலவறையில் விட்டுவந்த போனின் குரல் சன்னமாகக் கேட்டது.

"வெர்னா? உன் தெருமுனைக்கு வந்துட்டேன். முள் எப்படி இருக்கு?"

"இறங்கிடுச்சு ஆர்லோ," என்றது ஒரு குரல் கீழே. "பதினஞ்சு."

வெர்னாவின் குரல். அவளுடைய சொந்தக் குரல். வார்த்தைகளுக்கு நடுவே மட்டும் பல்லில் ஏதோ இடித்தது. கிடுக். கிடுக்.

வெர்னா தட்டினாள். கரண்டி வளையும்வரை தட்டினாள். கத்தினாள். தொண்டையிலிருந்து ஆவி மட்டும் வந்தது. ரேடியேட்டரின் பள்ளங்களோடு புதுப் பள்ளங்கள் சேர்ந்தன.

"நல்லதாப் போச்சு," என்றான் ஆர்லோ. "ஆனா அந்தத் தட்டுற சத்தம் இன்னும் கேக்குதே. என்னது அது? வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போகவா?"

மஞ்சள் விளக்கு தெருமுனையில் சுழன்றுகொண்டே காத்திருந்தது.

போன ஜனவரி. நிலவறைப் படியின் தலைமாட்டில் கையில் காப்பியோடு நின்றாள் வெர்னா. கீழே ஆர்லோ இதையேதான் கேட்டான். அவள் சொன்ன பதில் இப்போது குழாய் வழியே அவளை நோக்கி ஏறி வந்தது. ஒரு வார்த்தை விடாமல். மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருண்ட பிறகு, நிதானமாக.

"அது பழைய குழாய் ஆர்லோ, அப்படித்தான் தட்டிக்கிட்டே கிடக்கும், மேல எல்லாம் கதகதப்பாத்தான் இருக்கு, நீ வீட்டுக்குப் போ."